பட்டியலில் இல்லாத ஊரிலிருந்து ஒரு மனு

அனுப்புநர்: விமானம் ஏறுபவர்கள் சிலர், ஏற்றிவிட வந்தவர்கள் பலர், மதுரை.
பெறுநர்: மத்திய சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம், புது டெல்லி.
நாள்: டிசம்பர் 2025
பொருள்: மதுரையைச் சர்வதேச விமான நிலையம் ஆக்காமல் எங்களைப் பக்குவப்படுத்தி வருவதற்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

2012 செப்டம்பரில் மதுரையிலிருந்து கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் கிளம்பியபோது, பெயர்ப் பலகை சீக்கிரமே மாறிவிடும் என்று அவசரப்பட்டு நினைத்தவர்கள் நாங்கள். இன்றுவரை எங்களுடையது சுங்க விமான நிலையம்தான். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிறார்கள். பெட்டியைத் திறக்கச் சொல்கிறார்கள். கொழும்புக்கும் துபாய்க்கும் ஆள் போகிறது. 2025 ஜூனிலிருந்து அபுதாபிக்கும் போகிறது. இவ்வளவும் நடந்த பிறகும் நாங்கள் சர்வதேசம் இல்லை என்றால், அதைக் கண்டுபிடிக்கத் தனிக் கண் வேண்டும். அது தங்களிடம் இருக்கிறது.

உத்தரப்பிரதேசத்துக் குஷிநகரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோம் என்று யாராவது போட்டுக்கொடுத்தால் நம்ப வேண்டாம். அந்த ஊர் விமான நிலையத்தை 2020 ஜூனிலேயே அமைச்சரவை கூடிச் சர்வதேசம் ஆக்கியது. திறப்பு விழா நடந்தது 2021 அக்டோபரில். அன்று புத்த பிக்குகளோடு வந்து இறங்கிய முதல் விமானம் எங்கிருந்து வந்தது? கொழும்பிலிருந்து. நாங்கள் 2012லேயே போய்வந்த அதே கொழும்புதான். அப்புறம் குஷிநகரிலிருந்து டெல்லிக்குப் போன விமானமும் நின்றுபோனது. பெயர் மட்டும் நிற்காமல் ஓடுகிறது. விமானம் இல்லாத ஊருக்குப் பெயர், பெயர் இல்லாத ஊருக்கு விமானம் என்று பங்கு பிரித்திருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே ஊருக்குக் கொடுத்தால் கண்பட்டுவிடும் அல்லவா?

பெயரில் என்ன இருக்கிறது, விடுங்கள். பட்டியலுக்கு வருவோம். எந்த நாட்டு விமானம் இந்தியாவில் எந்த ஊரில் இறங்கலாம் என்று அந்தந்த நாட்டோடு போட்ட ஒப்பந்தத்தில் ஊர்ப் பட்டியல் இருக்கிறது. இலங்கை விமானம் மதுரையில் இறங்கலாம், இறங்குகிறது. அமீரகம், சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளோடு போட்ட பட்டியல்களில் நாங்கள் இல்லை. ஏன் என்று கேட்டால் போதுமான பயணிகள் இல்லையாம். பயணிகள் எப்போது வருவார்கள்? அந்த நாட்டு விமானங்கள் வந்தால். விமானங்கள் எப்போது வரும்? பட்டியலில் பெயர் ஏறினால். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று எங்கள் பாட்டிமார் சொன்னதற்கு இப்போதுதான் அரசாணை அந்தஸ்து கிடைத்திருக்கிறது.

இந்திய விமான நிறுவனங்கள் மதுரையிலிருந்து எங்கே வேண்டுமானாலும் பறக்கலாமே, யார் தடுத்தது என்றும் கேட்கிறீர்கள். யாரும் தடுக்கவில்லை. நாங்கள் சொந்தமாக ஒரு விமானம் வாங்குவதைக்கூட யாரும் தடுக்கவில்லை.

சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை வாயிலில் யவனர்கள் காவல் நிற்கிறார்கள். எந்த இருதரப்பு ஒப்பந்தத்தின்படி வந்து இறங்கினார்கள் என்று இளங்கோவடிகள் எழுதாமல் விட்டது பெரிய குறைதான். அந்தக் கோப்பும் தங்களிடம் இருந்தால் தேடிப் பார்க்கவும்.

பட்டியலால் எங்களுக்கு விளைந்த நன்மைகளையும் சொல்ல வேண்டும். உசிலம்பட்டிக்காரர் ஒருவர் கோலாலம்பூர் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேன் பிடிப்பார்கள். நைலான் கயிறு கட்டிய பெட்டி, அதன்மேல் மார்க்கர் பேனாவில் பெயர், மடியில் புளியோதரைப் பொட்டலம், அழுவதற்கென்றே கூட வரும் இரண்டு அத்தைகள். வேன் மதுரைக்கு வரும். வந்து, நிற்காமல் தாண்டிப் போகும். மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலை என்று மேலும் 130 கிலோமீட்டர் போனால் திருச்சி விமான நிலையம். வழியில் இரண்டு டீக்கடை, டோல்கேட் வசூல், டீசல் என்று நாட்டின் பொருளாதாரம் எவ்வளவு வளர்கிறது! அழுகையும் துவரங்குறிச்சிக்குள் தீர்ந்துவிடும், அத்தைகள் தூங்கிவிடுவார்கள். மதுரையிலேயே விமானம் ஏறினால் இதெல்லாம் நடக்குமா?

ஓடுபாதை விஷயத்திலும் குறை சொல்ல மாட்டோம். இப்போது 7,500 அடி. அதை 12,500 அடி ஆக்கினால் அகலமான பெரிய விமானமும் முழு எடையோடு ஏறி இறங்கும். நீட்டும் வழியில் சுற்றுச்சாலை குறுக்கே கிடக்கிறது. சாலையை வளைத்துவிடுவதா, ஓடுபாதைக்கு அடியில் சுரங்கமாக விடுவதா, செலவு மாநிலத்துடையதா மத்திய அரசுடையதா என்று பேசிய நேரத்தில் இரண்டையும் கட்டி முடித்திருக்கலாம் என்பார்கள் விவரம் கெட்டவர்கள். இதில் சின்ன உடைப்பு கிராமத்துக்காரர்களை மட்டும் இழுக்காதீர்கள். ஓடுபாதைக்காக வீட்டைக் கொடு என்றால் மாற்று இடம் எங்கே என்று கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி. 2024 நவம்பரில் போலீஸ் வந்து நின்ற வேகத்தில் மறுகுடியமர்வு உத்தரவு வந்திருந்தால் அவர்கள் போராடியிருக்கவே மாட்டார்கள்.

ஊருக்குள்ளிருந்து விமான நிலையம் வரை போவது தனிக் கதை. பெரியார் பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரரிடம் கேட்டால், "ஏர்ப்போர்ட்டா? ரிட்டன் சவாரி கெடைக்காதுண்ணே, அதையும் சேத்துக் குடுங்க" என்பார். திரும்பி வரும்போது அங்கே நிற்கும் வண்டிக்காரரும் அதையேதான் சொல்வார். ஆக, இருவருக்கும் ரிட்டன் கிடைக்காத ஒரே சாலை எங்கள் பெருங்குடிச் சாலை. மெட்ரோ ரயில் கேட்டோம். 2011 கணக்கெடுப்பின்படி மதுரையில் இருபது லட்சம் பேர் இல்லை என்று 2025 நவம்பரில் திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். வருத்தமில்லை. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடைக்குப் போட்ட அந்தத் திட்டம் விமான நிலையத்துப் பக்கமே திரும்பவில்லை. 2011க்குப் பிறகு தலை எண்ணாதவர்களிடம், நடுவில் பிறந்த எங்கள் பிள்ளைகளைக் காட்டி என்ன பயன்?

எனவே பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அமீரகம், சிங்கப்பூர், மலேசியா பட்டியல்களில் கடைசி வரியில், கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை, 'மதுரை' என்று சேர்க்கவும். விமானம் இறங்கும் நேரம் பார்த்து மாட்டுத்தாவணிக்கும் பெரியாருக்கும் கிளம்பும் டவுன் பஸ்ஸை நாங்கள் சென்னையில் மாநில அரசிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கடிதத்திலும் இதே அளவு நன்றி இருக்கும்.

இப்படிக்கு,
புறப்பாடு வாசலில் நிற்பவர்கள்.

இணைப்பு: இந்திய வரைபடம் ஒன்று. மதுரையைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறோம். குஷிநகர் மேலே இருக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.