செலவழுங்கு படலம்

பொருள் தேடிப் புறப்பட வேண்டிய தலைவன் வாசலிலேயே தயங்கி நிற்பதை இலக்கணத்தில் செலவழுங்கல் என்பார்கள். செலவு என்றால் அங்கே பயணம். அது போகாமை ஆகாது, தலைவியைத் தேற்றுவதற்கான தாமதம்தான் என்று தொல்காப்பியர் கற்பியலில் தெளிவுபடுத்திவிட்டார். மத்திய அரசு நிதியில் ஆராய்ச்சி செய்வோருக்கு இதைவிட உதவும் இலக்கணம் வேறில்லை. படகு வாடகைத் தலைப்பில் பணம் ஏன் மிச்சம் என்று கேட்டால், செலவழிக்காமை இல்லை ஐயா, தாமதம்தான் என்று எழுதலாம். உரையாசிரியர்கள் யாரும் இந்தக் கோணத்தைத் தொடாதது வியப்பே.

எங்கள் ஆய்வுக் களம் கீழவைப்பார் கடற்கரை. ஆய்வுப் பொருள், பெயரளவில், கரைக்கு அப்பால் கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களில் முத்துச்சிப்பி ஒட்டியிருக்கிறதா என்பது. உண்மைப் பொருள் முன்னேற்ற அறிக்கை.

முதலில் மூலபாடம். பயன்பாட்டுச் சான்றிதழ் எனப்படும் யூசி, பொது நிதி விதிகள் 2017-இன்படி படிவம் 12-ஏ. அதற்கு முன் 19-ஏ. இதைப் பாடபேதம் என்றே கொள்ள வேண்டும், பொருள் மாறவில்லை. நிதி தந்த அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் போய், 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வந்தது. 12-ஏ அசையவில்லை. கொடுத்த பணம் கொடுத்த காரியத்துக்கே செலவானது என்று நிறுவனத் தலைவரும் நிதிப் பிரிவுத் தலைவரும் அதில் கையெழுத்திடுவார்கள். எங்கள் திட்டத்தில் அந்த இருவரும் வள்ளத்தில் கால் வைத்ததில்லை. அதனால்தான் கையெழுத்து நடுங்காமல் இருந்தது.

இனி ஒரு வவுச்சரின் வரலாறு.

“வள்ளம் வாடகைக்குப் பில் வேணும், அண்ணாச்சி.”

“பில்லா? டீசல் போட்டதுக்கு பங்க்ல குடுத்தது இருக்கு. வள்ளத்துக்கு எவன் தம்பி பில்லு குடுக்கான்?”

ஐயாயிரத்துக்கு மேல் என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு வேண்டும். அண்ணாச்சி அதை நாக்கில் தொட்டு ஒட்டி, வலைக்கு நடுவில் உட்கார்ந்தபடியே தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஸ்டாம்பின் ஓரத்தில் ஒரு சாளைச் செதில் ஒட்டிக்கொண்டது. காய்ந்ததும் அது பளபளத்தது. தணிக்கைக்கு வந்தவர் அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கி, முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனார். கடலுக்குப் போனதற்கு அதைவிட வலுவான சான்று என் முப்பது பக்க அறிக்கையில் எங்கும் இல்லை.

முன்னோர் மரபையும் சொல்ல வேண்டும். முத்துக்குளிப்புக்கு முன் பாரைச் சோதித்து, மாதிரிச் சிப்பி எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிட்ட பிறகுதான் குளிப்பை அறிவிப்பார்கள். அதில் ‘திட்டமிட்டபடி முன்னேற்றம்’ என்ற வாக்கியத்துக்கு இடமில்லை. கழுவினால் முத்து இருக்கும், அல்லது இருக்காது. தூத்துக்குடியில் அப்படிக் கடைசியாகக் குளித்தது 1961இல்.

பக்கக் கணக்கில் நம் எல்லோருக்கும் பெரியவர் விலங்கியலாளர் ஹெர்ட்மன். மன்னார் வளைகுடாச் சிப்பிகள் பற்றி இலங்கை அரசுக்கு 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதி அறிக்கை கொடுத்தார். நாடாப்புழுவின் குஞ்சுதான் முத்தின் கரு என்பது அவர் முடிவு. அது பின்னாளில் நிற்கவில்லை. 1906இல் ஒரு லண்டன் கம்பெனி இலங்கைப் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பிகள் வரவில்லை, 1912இல் கம்பெனி கலைந்தது. ஐந்து தொகுதிகளும் இன்றும் நூலகங்களில் நல்ல நிலையில் உள்ளன.

எதிர்வாதமும் உண்டு. தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி குழு சிப்பிக்குள் கரு வைத்து முத்து வளர்த்துக் காட்டியது. அரசுப் பணம்தான், முத்தும் கிடைத்தது. ஆனால் முத்து வளர்ப்பின் முறையைக் கவனியுங்கள்: கரு வைத்த சிப்பியைக் கூண்டில் கட்டிக் கடலில் தொங்கவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ‘இதுவரை எவ்வளவு முன்னேற்றம்?’ என்று இடையில் பிளந்து பார்த்தால் சிப்பி செத்துவிடும். அரையாண்டு அறிக்கையை வகுத்தவர்கள் சிப்பி வளர்த்தவர்கள் அல்லர் என்பது என் துணிபு.

கடைசியாகப் பருவ ஆராய்ச்சி. நெய்தலுக்குப் பொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். அறிக்கைக்குப் பொழுது மார்ச் மாதக் கடைசி வாரம், உரிப்பொருள் மாறவில்லை. ஆண்டில் கடல் அடங்கி, தண்ணீர் தெளிந்து, பாரின் தரை தெரியும் நாட்களும் அவையே.

மார்ச் 31 காலை அண்ணாச்சி போன் செய்தார். “தண்ணி பளிங்கு மாதிரி கிடக்கு தம்பி, வாறீயளா?”

எஸ்.இ. எனப்படும் செலவுக் கணக்கு அறிக்கையில் பதினேழு ரூபாய் இடித்துக்கொண்டிருந்தது. “நாளைக்கு வாரேன், அண்ணாச்சி.”

பதினேழு ரூபாயை இரவு ஒன்பது மணிக்குக் கண்டுபிடித்தேன். வவுச்சர்களில் ஒட்டிய ஸ்டாம்புகளை எங்கும் எழுதவில்லை. மறுநாளும் தண்ணீர் பளிங்குதான். செலவாகாத தொகை முந்தைய நள்ளிரவோடு காலாவதியாகி, திட்டக் கணக்கில் பூஜ்யம் நின்றது. அடுத்த தவணை யூசியைப் பார்த்த பிறகு வரும். அண்ணாச்சி கரையில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, வலையை ஏற்றிக்கொண்டு நண்டுக்குப் போய்விட்டார்.