பேக்கரி பெஞ்சும் பேரிடர் ஆணைகளும்: மல்லசமுத்திரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கொரோனாவைப் பற்றி மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். பொருளாதாரம் படித்தவர்கள் எழுதிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்த கவிஞர்கள் தேவைக்கு மேலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் ஊரடங்குக் காலத்தில் எந்தச் சுகம் எந்தத் தேதியில் திறந்துவிடப்பட்டது, அந்த வரிசைக்குப் பின்னால் இருந்த தத்துவம் எது என்பதை யாரும் முறைப்படி ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோள் எளியது. ஓர் அரசு தன் குடிமக்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதைத் தேர்தல் அறிக்கையில் தேடக் கூடாது. தளர்வு அறிவிப்பில்தான் தேட வேண்டும். தேர்தல் அறிக்கையைக் குழு போட்டு, நாலு மாதம் யோசித்து எழுதுகிறார்கள். தளர்வு அறிவிப்பு அவசரத்தில் வருவது. பொய் சேர்க்க அதில் நேரமில்லை.

ஆய்வுக் களம் மல்லசமுத்திரம். நாமக்கல் மாவட்டம், திருச்செங்கோடு வட்டம், பேரூராட்சி. சேலத்தில் பஸ் ஏறி, ஆட்டையாம்பட்டியில் ஜன்னல் வழியாகக் கை முறுக்கு வாங்கிக்கொண்டு வந்தால், முறுக்கு தீர்வதற்குள் ஊர் வந்துவிடும். பருத்தி ஏலம் நடக்கிற ஊர். சுற்றிலும் தறிச் சத்தம். கொங்கு நாட்டில் டீக்கடையைத் தனியாகத் தேட வேண்டியதில்லை என்பதை வெளியூர் ஆய்வாளர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். இங்கே டீக்கடையின் பெயர் பேக்கரி. கேக் என்பது கண்ணாடிக்குள் இருக்கும் அலங்காரம். டீ, முட்டை பப்ஸ், தேங்காய் பன், வாசலில் ஒரு பெஞ்சு ஆகிய நான்கும்தான் நிறுவனம். தரவுகள் அந்தப் பெஞ்சில் திரட்டப்பட்டன. பங்கேற்று உற்றுநோக்கல் என்று பல்கலைக்கழகங்களில் சொல்லப்படும் முறை, அதாவது டீ குடித்தல், பின்பற்றப்பட்டது. தகவலாளர்களின் பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன. பெயரைப் போட்டால் மறுநாள் டீக்குக் காசு யார் கொடுப்பது என்ற ஒழுக்கவியல் சிக்கல் எழும்.

இனி மூல ஆவணங்கள். 25.3.2020 அன்று நாடு அடைக்கப்பட்டது. அதற்கு மூன்று நாள் முன்னால் மாலை ஐந்து மணிக்குத் தட்டைத் தட்டினோம்; ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கை அணைத்தோம். இவை சுகங்கள் அல்ல, சடங்குகள் என்பதால் ஆய்வு எல்லைக்குள் வரா. முதலில் திறந்த சுகம் டாஸ்மாக். 7.5.2020. சென்னை நீங்கலாக, ஒரே நாளில் 170 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை.

அன்றைய ஏற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலை பத்து முதல் ஒரு மணி வரை. நாற்பதிலிருந்து ஐம்பது வரை ஒன்று முதல் மூன்று. நாற்பதுக்குக் கீழே மூன்று முதல் ஐந்து. மூத்தோருக்கு முதல் மரியாதை, சரி. இளையோருக்கு வெயில் தாழ்ந்த பிறகு, அதுவும் சரி. வீட்டுக் கடனும் பிள்ளையின் காலேஜ் ஃபீஸும் அப்பாவின் சுகர் மாத்திரையும் சுமக்கிற நடு வயசுக்கு மட்டும் மே மாத உச்சி வெயில். தமிழ்க் குடும்பத்தின் அமைப்பை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்ட அரசு ஆவணம் இன்னொன்று உண்டா என்பது ஐயமே. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதும், 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டதும், 16-ஆம் தேதி கடைகள் மறுபடி திறந்ததும், நாளுக்கொரு வண்ணத்தில் டோக்கன் வந்ததும் வரலாறு.

இவ்விடத்தில் ஒரு கிளை ஆய்வு அவசியமாகிறது. இந்த மண்ணில்தான் மதுவிலக்கே பிறந்தது. இதே திருச்செங்கோட்டுப் பக்கத்துப் புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, மதுவுக்கு எதிராகவே ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் வேலை பார்த்தார். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும் அங்கே முதன்முதலாக மதுவிலக்கு வந்த மாவட்டம் அன்றைய சேலம். தேதி 1.10.1937. கள்ளுக்கடை மூடியதில் விழுந்த துண்டுக்காக 1939-இல் விற்பனை வரி போட்டார்கள். பிறகு கடை திறந்தது, வரி போகவில்லை. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. இதைப் பெஞ்சில் எடுத்துரைத்தபோது, லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் தகவலாளர் ஒருவர் இடைமறித்தார்: “அப்ப மூடுனதுக்கும் நாமதான் குடுத்தோம், தொறந்ததுக்கும் நாமதான் குடுக்கறோம், அப்படித்தானுங்களே?” பொதுநிதியியலில் இதைவிடச் சுருக்கமான வரலாற்றை ஆய்வாளர் படித்ததில்லை.

அரசியல் நிலைப்பாடுகள் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 2020 மே 7 அன்று கடை திறந்ததைக் கண்டித்துத் தி.மு.க. கூட்டணியினர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் நின்றார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் தி.மு.க. ஆட்சி கடை திறந்தபோது பா.ஜ.க.வினர் வாசலில் நின்றார்கள், அ.தி.மு.க. கண்டித்தது. ஆளுங்கட்சியாக இருக்கையில் வருவாய் நினைவுக்கு வருகிறது, எதிர்க்கட்சியாக இருக்கையில் தாய்மார்கள் நினைவுக்கு வருகிறார்கள். மல்லசமுத்திரத்தில் இரண்டு தரப்புக்கும் கொடி கட்டுகிறவர் ஒரே ஆள் என்பதால், பெஞ்சில் இது பற்றிச் சண்டை எதுவும் வரவில்லை.

டீ வந்தது 11.5.2020. டாஸ்மாக்குக்கு நாலு நாள் பின்னால் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அதுவும் பார்சல் மட்டும். கடையில் நின்றோ உட்கார்ந்தோ எதையும் சாப்பிடக் கூடாது என்பது நிபந்தனை. இவ்விதியே இக்கட்டுரையின் மையச் சூத்திரம். நம் மரபில் சூத்திரம் இருந்தால் உரையாசிரியர்கள் வந்துவிடுவார்கள். வந்தால் ஒத்துப்போக மாட்டார்கள்.

முதல் உரையாசிரியர் மேற்படி லாரி புக்கிங்காரர். “நிக்கப்புடாது, உக்காரப்புடாதுன்னுதானுங்களே சொல்லியிருக்காங்க? நடக்கப்புடாதுன்னு எங்கீங்க இருக்குது?” என்று கேட்டுவிட்டு, டம்ளரோடு பேக்கரி வாசலுக்கும் கரண்ட் கம்பத்துக்கும் இடையில் நடந்தபடியே குடித்துக் காட்டினார். இரண்டாமவர் தறி ஓனர். பைக்கில் உட்காருவது கடையில் உட்காருவது ஆகாது, வண்டி ஸ்டார்ட்டில் இருந்தால் அது பார்சல் போய்க்கொண்டிருப்பதாகவே கொள்ள வேண்டும் என்றார். மூன்றாமவர் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். குத்த வைப்பது நிற்பதிலும் சேராது, உட்காருவதிலும் சேராது என்பது அவர் கொள்கை. அதைப் பட்டுவேட்டியோடு செய்துகாட்டியது அவருடைய தனிச்சிறப்பு. எல்லா உரைகளையும் ரோந்து ஜீப் வந்து மறுத்தது.

பார்சல் டீ என்பது என்ன? சிலர் தூக்குப்போசி கொண்டுவந்தார்கள். கொண்டுவராதவர்களுக்கு, 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கும் பிளாஸ்டிக் கவரில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, முடிச்சுப் போட்டுத் தந்தார்கள். வீட்டுக்குப் போனால், “இதத்தான வூட்லயே போட்டுத் தர்றேன், காசு குடுத்து வாங்கிட்டு வர்றீங்களா?” என்ற கேள்வி. பதில் சொல்ல முடியாத கேள்வி அது. ஏனென்றால் கடை டீயின் சுவையில் பாதிக்கு மேல் அது வீட்டில் இல்லை என்பதுதான். டீ ஒரு சாக்கு. முட்டை விலை, மழை, மந்திரி, மச்சான் வீட்டு விசேஷத்தில் பந்தி சரியில்லாதது எல்லாவற்றையும் பேசிமுடிக்கிற பத்து நிமிடத்துக்கு டம்ளர் வாடகை கொடுக்கிறோம். ஆகவே டீயை அனுமதித்துப் பெஞ்சைத் தடுத்த அரசு, எதைத் தடுக்கிறோம் என்று தெரிந்தே தடுத்தது. வைரஸ் பரவுகிற இடமும் அபிப்பிராயம் பரவுகிற இடமும் ஒன்றாகவே இருந்தன. மருத்துவ ரீதியில் அது நியாயம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வருத்தத்தோடுதான் ஒப்புக்கொள்ள முடியும்.

முடிவெட்டுக்கு ஒரு பத்தி போதும். ஊரகப் பகுதிகளில் சலூன்கள் மே 19-இல் திறந்தன. பேரூராட்சிகளுக்கு 24 வரை காத்திருப்பு. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் போனால் முடி வெட்டலாம், இந்தப் பக்கம் வெட்டக் கூடாது. பேரூராட்சியாக இருப்பதால் மல்லசமுத்திரத்துக்கு நேர்ந்த நஷ்டங்களில் இதுவும் ஒன்று.

சாமிகளுக்கு வருமானச் சான்றிதழ் கேட்கப்பட்டது. கிராமப்புறங்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைவாக வருமானம் உள்ள சிறிய கோயில்களும் மசூதிகளும் தேவாலயங்களும் 1.7.2020 முதல் திறக்கலாம் என்றார்கள். ஏழைத் தெய்வங்களுக்கு முன்னுரிமை. ஏரிக்கரைக் கருப்பனார் ஜூலையிலேயே பொங்கல் வாங்கிவிட, திருச்செங்கோட்டு மலைமேல் அர்த்தநாரீசுவரர் செப்டம்பர் 1 வரை பொறுத்திருந்தார். சமூகநீதி தெய்வ உலகுக்கும் நீண்ட தருணம் இது எனில் மிகையாகாது. கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். அங்கே ஏற்கெனவே பிளேக் மாரியம்மன் உண்டு, 2021 மே மாதம் இருகூர்ப் பக்கம் ஓர் ஆதீனத்தில் கொரோனா தேவிக்கும் சிலை வைத்தார்கள். அவள் கோயில் வருமானம் எந்த வகைப்பாட்டில் வரும் என்பது தனி ஆய்வுக்குரியது.

சினிமாத் தியேட்டர் 10.11.2020, பாதி இருக்கையோடு. ‘மாஸ்டர்’ வருவதற்குள் முழு இருக்கை என்று ஜனவரி 4-இல் ஆணை வந்து, மத்திய அரசு ஆட்சேபித்து, நாலே நாளில் பாதிக்குத் திரும்பியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்த நாளையும் இந்த வரிசையில் வைத்தாக வேண்டும். அது 1.11.2021. சாராயத்துக்கும் சிலேட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றரை வருஷம். இதற்குத் தொற்றியல் காரணங்கள் சொல்லலாம், சொன்னார்கள். ஆய்வாளருக்கு இந்த ஓரிடத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் அலை இந்தக் கருதுகோளைச் சோதிக்க ஒரு வாய்ப்புத் தந்தது. 6.4.2021 வாக்குப்பதிவு. அதற்கு முந்தைய மாதம் முழுக்க வேன் பிரசாரமும் கூட்டமும். மேடையில் இருந்தவர்களுக்கும் கீழே இருந்தவர்களுக்கும் மாஸ்க் கழுத்தணியாகவே இருந்தது. மே 10 முதல் முழு ஊரடங்கு. அந்த மே மாதத்தைப் பற்றி இக்கட்டுரை நகைச்சுவை எதுவும் செய்யாது. ஆக்சிஜன் படுக்கை கேட்டுச் சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் மாற்றி மாற்றிப் போன் போட்ட மாதம் அது. ஜூன் 14 அன்று 27 மாவட்டங்களில் டாஸ்மாக்கும் பார்சல் டீயும் திறந்தன. மிச்சம் 11 மாவட்டங்களுக்கு இல்லை. அந்தப் பதினொன்றில் சேலம் உண்டு, நாமக்கல் உண்டு, ஈரோடு, கரூர், திருப்பூர், கோவை எல்லாம் உண்டு. அதாவது மல்லசமுத்திரத்தான் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் வறட்சி. திறந்த கடைக்கு வடக்கே தொப்பூர்க் கணவாயைத் தாண்டித் தருமபுரி போக வேண்டும். தென்கிழக்கே திருச்சி மாவட்டத்துத் தொட்டியம் போக வேண்டும். மாவட்ட எல்லைகளைப் பள்ளியில் படிக்காத பல பேர் அந்த மூன்று வாரத்தில் படித்துக்கொண்டார்கள். ஜூலை 5 முதல்தான் எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே விதி வந்தது.

மனப்பான்மைகள் பற்றிச் சில குறிப்புகள். மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்று 2020 செப்டம்பரில் வந்தபிறகு, மாஸ்க் வைரஸைத் தடுக்கும் கருவி என்ற நிலையிலிருந்து போலீஸைத் தடுக்கும் கருவி என்ற நிலைக்கு வளர்ந்தது. ஜீப் தெரிந்தால் மேலே போகும், பப்ஸ் வந்தால் கீழே இறங்கும். கபசுரக் குடிநீரைப் பொறுத்தவரை, குடித்தவுடன் முகம் கோணினால்தான் மருந்து வேலை செய்கிறது என்பது பொதுக் கருத்து. முட்டையின் கதை இன்னும் விசித்திரம்: 2020 தொடக்கத்தில் கோழியால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப் சொன்னதை நம்பி நாமக்கல் முட்டையின் விலையைச் சரித்தவர்களே, கொஞ்ச நாளில் எதிர்ப்புச் சக்தி என்று தினம் இரண்டு வேகவைத்துத் தின்றார்கள். நம் கோழிப்பண்ணைக்காரர் இரண்டையும் பார்த்தவர். “கோழிக்கு ஒன்னும் ஆவல. ஆளுங்களுக்குத்தான் அப்பப்ப ஏதோ ஆவுது” என்பது அவர் கண்டுபிடிப்பு.

ஆனால் சுகத்தின் முன் அரசு வெளிப்படையாகத் தோற்ற இடம் ஒன்றே. 2021 செப்டம்பர் 12 முதல் மெகா தடுப்பூசி முகாம்களை ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தினார்கள். கறி தின்கிறவர்களும் குடிக்கிறவர்களும் ஞாயிறன்று ஊசி போடத் தயங்குகிறார்கள் என்று தெரிந்ததும், அக்டோபர் 23 முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஊசிக்காக ஞாயிற்றுக்கிழமை நகரவில்லை, ஊசிதான் நகர்ந்தது. “ஞாயித்துக்கெழமை கறியெடுக்காம எப்படீங்க?” என்று தறி ஓனர் கேட்டதற்குச் சுகாதாரத் துறையிடமே பதில் இல்லாதபோது, ஆய்வாளரிடம் எப்படி இருக்கும்?

இத்தரவுகளின் அடிப்படையில் அரசுக்குச் சில பரிந்துரைகள். அடுத்த பெருந்தொற்றில் டீ முதலில் திறக்கப்பட வேண்டும். டாஸ்மாக் அதற்குப் பிறகு வரட்டும், வருவாய் நாலு நாளில் ஓடிப்போகாது. பெஞ்சுக்கு ஒருவர் வீதம், ஆறடிக்கு ஒரு பெஞ்சாகத் தெருவோரம் போட்டுத் தர உள்ளாட்சி நிதியில் வழி செய்யலாம். சத்தமாகப் பேசுவதில் இந்தப் பகுதிக்காரர்களுக்குக் கஷ்டம் ஒன்றுமில்லை. முட்டை பப்ஸை அத்தியாவசியப் பொருள்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும். தேங்காய் பன்னையும் சேர்க்கச் சொல்லி லாரி புக்கிங்காரர் வற்புறுத்துகிறார். அதில் ஆய்வாளருக்கு உடன்பாடில்லை. அவர் வேண்டுமானால் தனிக் கட்டுரை எழுதிக்கொள்ளட்டும்.