நோ வாஷ் அங்கிள்

எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் இவர் ஒருவர் இருப்பார். வயது நாற்பதுக்கு மேல். வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ நல்ல உத்தியோகம். வைத்திருப்பது கருப்புக் கார். கருப்பில்தான் கீறல் பளிச்சென்று தெரியும் என்று ஷோரூம்காரரிலிருந்து மைத்துனர் வரை அத்தனை பேரும் தலையால் அடித்துக்கொண்டிருப்பார்கள். கேட்டிருக்க மாட்டார். கவலைப்பட மனுஷனுக்கு ஒரு விஷயம் வேண்டாமா?

பார்க்கிங்கில் சுவரோர இடம் இவருடையது. அதற்காகவே சங்கத் தேர்தலில் யாருக்கோ ஓட்டுப் போட்டிருப்பார். பேன்ட் பின்பாக்கெட்டில் கைக்குட்டை கிடையாது, மைக்ரோஃபைபர் துணிதான். தும்மல் வந்தால் சட்டைக்கை. காரில் காக்கை எச்சம் விழுந்தால் துணி. ஆயுத பூஜைக்குப் பெற்ற தாய் சந்தனக் கிண்ணத்தோடு வந்தால்கூட, “அம்மா, கண்ணாடில மட்டும் வைம்மா, பெயின்ட்ல வேண்டாம்” என்று குறுக்கே நிற்பார். பிள்ளைகள் இவருக்கு வைத்த பெயர்தான் மேலே தலைப்பில் இருப்பது.

அந்தப் பெயரின் பிறப்பிடம் சர்வீஸ் சென்டர். பத்தாயிரம் கிலோமீட்டருக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை கார் அங்கே போயாக வேண்டும். முந்தின ராத்திரி அவர் வீட்டில் விளக்கு அணையாது. கழுவ வேண்டிய அவசியமே யாருக்கும் வந்துவிடக் கூடாது என்று காரை அவரே கழுவித் துடைத்து வைப்பார். காலையில் மழை பெய்யும். ‘கழுவ வேண்டாம்’ என்று தமிழில், ஆங்கிலத்தில், இந்தியில் அட்டை எழுதுவார். வாஷிங் பையன்கள் இப்போது ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அலுவலக நண்பரிடம் ஒடியாவிலும் எழுதி வாங்கினார். அட்டைகளைக் கண்ணாடிக்கு உள்பக்கம்தான் ஒட்டுவார். பானெட்டில் ஒட்டினால் பசை பெயின்ட்டைத் தின்றுவிடுமாம்.

சர்வீஸ் அட்வைசருடன் உரையாடல் இப்படிப் போகும்.

“சார், பிரேக் பேட் நல்லா தேஞ்சிருக்கு.”

“மாத்திடுங்க.”

“இன்ஜின்ல ஒரு சத்தம் வருது சார், கொஞ்சம் கழட்டிப் பார்க்கணும்.”

“பாருங்க, பாருங்க. வாஷ்?”

“வாஷ் ஃப்ரீ சார்.”

“அதைத்தான் வேண்டாங்கிறேன்.”

“காசு கிடையாது சார், கம்ப்ளிமென்ட்ரி.”

“வேணும்னா நான் காசு தரேன் தம்பி. கழுவாம குடுங்க.”

இலவசத்துக்குச் சண்டை போடுபவர்களைத் தினம் பார்ப்பவர் அந்த அட்வைசர். இலவசத்தைத் தடுக்கக் காசு நீட்டுபவரிடம் என்ன பேசுவதென்று அவருக்குப் பயிற்சி கொடுக்கப்படவில்லை. தலையாட்டியபடி ஜாப் கார்டில் எதையோ கிறுக்குவார். வாஷிங் பேயில் ஜாப் கார்டை யாரும் படிப்பதில்லை.

சிரிப்பாக இருக்கும். ஆனால் அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. இன்றைய கார் பெயின்ட் என்பது துரு தடுக்கும் பூச்சு, பிரைமர், நிறம், அதன்மேல் கிளியர் கோட் என்று பொதுவாக நாலு அடுக்கு. எல்லாம் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான் வரைதான் வரும். பளபளப்பைக் கொடுத்து வெயிலையும் தாங்குகிற அந்த மேலடுக்கு மட்டும் ஏறக்குறைய 40 மைக்ரான். தலைமுடியின் கனமே 70 மைக்ரான் இருக்கும். “அரை முடி சார், அரை முடி! அதுலதான் நம்ம மானம் நிக்குது” என்று கல்யாணப் பந்தியில் இலைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் சொல்வார். அவர் மோர்க்குழம்பு கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த அரை முடியின் மேல் என்ன நடக்கிறது என்று வாஷிங் பேயில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். முதலில் பிரஷர் கன், பிறகு நுரை. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் வருகிறது ஒரு ஸ்பான்ஜ். சற்றுமுன் யாருடைய ஜீப்பிலோ சேற்றையும் வீலில் பிரேக் கரியையும் துடைத்தது அதுதான். கை நழுவித் தரையில் விழும்; எடுத்து அதே வாளியில் ஒரு முக்கு முக்கி, அதே வேகத்தில் காரின் கூரையில் வட்டம் போடும். உள்ளே ஒட்டிய மணல் என்ன செய்யும்? உப்புத்தாள் செய்வதைச் செய்யும். கடைசியில் திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் துடைப்பு. அதில் தையல் நூலும் இருக்கும், நேற்றைய கிரீசும் இருக்கும்.

பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி பார்க்கிங்கில் எல்இடி விளக்கடியில் நிறுத்தினால் வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்திவலை விரியும். நிஜத்தில் கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் ஓடுகின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே போகிறவை மட்டும் மின்னுவதால் வட்டம் வட்டமாகத் தெரிகிறது. இதை எனக்கு விளக்கியவர் இவர்தான். செல்போன் டார்ச்சை என் காரின் மேல் அடித்துக் காட்டினார். அதுவரை என் காரில் அப்படி எதுவும் இல்லை. அன்றிலிருந்து வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. அண்டை வீட்டாருக்கு அவர் செய்துவரும் சேவை இது.

வாஷிங் பையனைத் திட்டுவதில் அர்த்தமில்லை. ஒழுங்காகக் கழுவித் துடைக்க ஒரு மணி நேரமாவது வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோருக்கும் கார் வேண்டும். வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். தவிர, ஆயில் மாற்றியது நம் கண்ணுக்குத் தெரியாது, பிரேக் பேட் தெரியாது. கார் மினுக்கினால்தான் சர்வீஸ் நடந்ததாக நம்புகிற கூட்டம் நாம். தூசியோடு திருப்பிக் கொடுத்துப் பார்க்கட்டும், “என்னய்யா சர்வீஸ் பண்ணீங்க?” என்று குதிப்போம்.

நம்மவர் மட்டும் தூசியைக் கண்டால் மகிழ்வார். அதற்காக லவுஞ்சில் மெஷின் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, டிவிக்கு முதுகு காட்டி, கண்ணாடிச் சுவரோடு ஒட்டி நிற்பார். கார் ராம்ப்பிலிருந்து இறங்கி வாஷிங் பக்கம் திரும்பியதோ இல்லையோ, காபி ஒரு பக்கம் இவர் ஒரு பக்கம். “தம்பி! தம்பி!” பையனுக்குத் தமிழ் புரியாது. இவருக்கு அவன் பாஷை புரியாது. தண்ணீர் ஊற்றுவதுபோல் கைகாட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டுவார். முந்தினதை மட்டும் புரிந்துகொண்ட பையன், சார் கூடுதல் சுத்தம் கேட்கிறார் என்று இன்னொரு வாளி கொண்டுவருவான்.

மறுநாள் கம்பெனியிலிருந்து போன். “வாகனத்தின் தூய்மை எப்படி இருந்தது சார்?” “அழுக்கா இருந்ததும்மா. அதுக்காகவே பத்துக்குப் பத்து போட்டுக்கோங்க.” அந்தப் பெண்ணின் திரையில் இப்படி ஒரு பதிலுக்குக் கட்டம் இல்லை. அவர் எதை அமுக்கினாரோ, அட்வைசருக்கு அந்த மாதம் இன்சென்டிவ் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை அவரே கழுவுவது தனி வைபவம். நிழலில்தான் நடக்கும். சோப்புக்கு ஒரு வாளி, அலசுவதற்கு ஒரு வாளி, அடியில் மண் தங்க ஒரு சல்லடைத் தட்டு. சென்னை போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம், காய்ந்தால் வெள்ளைப் புள்ளி. ஆகவே கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். “ஏங்க, குடிக்க வெச்சிருந்த கேன் எங்கே?” என்று மாடியிலிருந்து குரல் வரும்போது அவர் காதில் விழாது.

செராமிக் கோட்டிங்கும் போட்டார். “9எச் சார், வைரத்துக்கு அடுத்தபடி” என்று விற்றவர் சொன்னார். அந்த 9எச் பென்சில் முனையால் உரசிப் பார்க்கும் அளவு. வைரத்துக்கு 10 போடும் அளவுகோல் வேறு. பின்னால் இது தெரியவந்தபோது வீட்டில் ஓரிரு நாள் யாரோடும் பேசவில்லை.

கார் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. நோ வாஷ் அங்கிளின் கார் விற்பனைக்கு வந்தால் விடாதீர்கள். அந்தப் பெயின்ட் வேறு எங்கும் கிடைக்காது. இன்ஜினை மட்டும் நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். அவர் பானெட்டின் மேல்பக்கத்தைத்தான் இத்தனை வருஷமும் பார்த்துவந்திருக்கிறார்.