இடுப்புக்கு ஓய்வு வயது இல்லை

கேள்வி: போன மாதம் ரிட்டையர் ஆனேன். பீரோ நிறைய ஆபீஸ் பேன்ட், முழுக்கைச் சட்டை. மகன் ஜீன்ஸ் போடச் சொல்கிறான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: மனைவி ஒன்றும் சொல்லவில்லையா? அப்படியானால் உங்கள் சட்டைகளில் பாதி இந்நேரம் கைப்பிடித் துணியாகியிருக்கும். போய்ப் பாருங்கள்.

தமிழக அரசு ஓய்வு வயதை 60 ஆக்கியது 2021-ல். நம் இடுப்போ யாரையும் கேட்காமல் முன்பே 38 ஆகிவிட்டது. தைத்த பேன்ட் என்றால் டெய்லரிடம் கொடுங்கள். பின் தையலில் மடித்து விட்டிருக்கும் துணியைப் பிரித்து, ஓரிரு அங்குலம் தருவார். ரெடிமேடில் பெரும்பாலும் அந்தத் தயவு கிடையாது.

கடைத்தெருவுக்கு நாலு முழ வேட்டி போதும். கல்யாணத்துக்கு எட்டு முழம். வேட்டியைத் தடுத்தால் கிளப்புகளைத் தண்டிக்க 2014-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. அவிழ்ந்தால் காப்பாற்றச் சட்டமில்லை. அதற்குத்தான் வெல்க்ரோ வைத்த ஒட்டிக்கோ-கட்டிக்கோ வேட்டி. பாக்கெட்டும் உண்டு. ஆனால் கோயிலில் தீபாராதனை நேரம் நான் கொஞ்சம் தளர்த்தப் போக, 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். அர்ச்சகரே திரும்பிப் பார்த்தார்.

ஜீன்ஸ் தாராளமாகப் போடுங்கள், கீழே உட்காராத நாட்களில். மற்றபடி பாக்கெட் வைத்த அரைக்கைச் சட்டை நாலு. கண்ணாடி, மாத்திரை, மளிகைச் சீட்டு எல்லாம் எங்கே போகும்?

முழுக்கையில் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பேரன் பள்ளி விழாவுக்கு. இன்னொன்று, உயிரோடுதான் இருக்கிறேன் என்று பென்ஷன் ஆபீசில் காட்டப் போகும் நாளுக்கு.