கோரைக்குப்பத்துக்குப் போன ஆயிரத்தொன்று

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை பேத்திக்கு நிச்சயம். பழவேற்காட்டு ஏரிக்கரையில் பந்தல், பிளாஸ்டிக் சேர், பிரியாணி, எல்லாம் சரி. நிச்சயத்துக்கே மைக் வைத்து மொய் வாசிப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முன்பெல்லாம் நிச்சயம் என்றால் வெற்றிலை பாக்குத் தட்டு மாறும், பெரியவர்கள் நாலு பேர் இருமுவார்கள், முடிந்தது. இப்போது அதற்கும் ஒரு நோட்டு, ஒரு பேனா, ஓர் எக்கோ மைக்.

நான் போனது ஐந்நூற்றொன்றோடு. எனக்கு முன்னால் நின்ற மச்சான் ஆயிரத்தொன்று எழுதுவதைப் பார்த்துவிட்டு, ஒட்டிய கவரைப் பிரித்து இன்னொரு ஐந்நூறைச் செருகினேன். அந்த அவசரத்தில் ஒரு ரூபாய் காசு பிய்த்துக்கொண்டு மேஜைக்கடியில் உருண்டது. மண்டி போட்டுத் தேடி எடுத்தேன். இவ்வளவு மானத்தையும் விட்டு எழுதிய மொய்யை ஒரு பையன் மைக்கில் வாசிக்கிறான். பேர் என் பேர்தான். ஊர், கோரைக்குப்பம்.

நான் கோட்டைக்குப்பம். கோரைக்குப்பத்தில் என் பேரில் எனக்குத் தெரிந்தே மூன்று பேர் இருக்கிறார்கள். தாத்தா பேரைப் பேரனுக்கு வைத்துக்கொண்டே போனால் வேறென்ன ஆகும்? அந்த மூவரில் ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு அத்தை வீட்டார் ஆயிரத்தொன்றை எடுத்துக்கொண்டு போய் நிற்கப்போகிறார்கள். இது ஏது என்று அந்த மனுஷன் கேட்பான் என்றா நினைக்கிறீர்கள்?

"தம்பி, கோட்டைடா, கோட்டை!" என்று பந்தி வரிசையிலிருந்து கத்தினேன்.

"அப்பால பாத்துக்கலாம் மாமா, நீ போயி சாப்புடு" என்றான் மைக்கிலேயே. அதுவும் எக்கோவோடு.

அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிச்சயத்துக்கு எவ்வளவு, கல்யாணத்துக்கு எவ்வளவு, பிள்ளை பெற்ற வீட்டுக்கு எவ்வளவு என்று ஓர் அட்டவணை போட்டே தீருவது. அதற்கு முன் ஒரு விஷயம். பாத்திரத்தை விட்டுவிட்டுக் கவருக்கு மாறினோமே, அன்றைக்குப் பிடித்தது இந்தச் சனியன்.

பாத்திரத்தில் பேர் வெட்டிவிட்டால் ஊர் மாறுமா? பொன்னேரிக் கடையில் எவர்சில்வர் குடத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பல் டாக்டர் மெஷின் மாதிரி கிர்ரென்று ஓட்டுவார்கள். நீளமான பேர் சொன்னால் முகம் சுளிப்பார்கள். புள்ளி புள்ளியாக மாமன் பேர், ஊர், வருஷம், 'அன்பளிப்பு'. அன்பளிப்பில் 'ளி'யா 'லி'யா என்பது அன்றைக்கு வெட்டுகிறவருடைய மனநிலையைப் பொறுத்தது. எங்கள் ஊரில் டச்சுக்காரர்களும் இதைத்தான் செய்தார்கள். 1613இல் அவர்கள் கட்டிய ஜெல்ட்ரியா கோட்டை இன்று முள்ளும் மண்மேடும். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கும் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் அவர்கள் பேர் கல்லில் அழுத்தமாக இருக்கிறது. அதைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. எங்கள் சின்ன மாமா பேரை எங்கள் வீட்டுச் சொம்பு பாதுகாக்கிறது. மாமாவோடு வலைத் தகராறில் பேச்சு நின்று இருபத்திரண்டு வருஷம். தினமும் அவர் பேரைத் தூக்கி வாயில் வைத்துத்தான் தண்ணீர் குடிக்கிறோம்.

இந்தப் பாத்திரங்கள் சும்மாவும் இருக்காது. பக்கத்து வீட்டுக்கு நண்டுக் குழம்பு போன தூக்கு, வெறும் தூக்காகத் திரும்பக் கூடாது. நாலு இறாலாவது கிடக்க வேண்டும். மூன்று வாரம் வரவில்லையென்றால் அம்மா வாசலில் நின்று, "எங்க அண்ணன் பேரு போட்ட தூக்கு எங்க கீது?" என்று பொதுவாக ஏரியைப் பார்த்துக் கேட்பாள். ஏரி பதில் சொல்லாது, ஆனால் சாயங்காலத்துக்குள் தூக்கு வந்துவிடும். பேர் வெட்டிய பாத்திரத்தை அடுத்த கல்யாணத்துக்குத் தள்ளிவிடவும் முடியாது. எங்கள் சித்தப்பா ஒருவர் அண்டாவில் இருந்த பேரை அரம் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பேர் போகவில்லை, அண்டா ஓட்டையானது. ஓட்டைக்குக் கீழே 'அன்பளிப்பு' மட்டும் பளிச்சென்று இருந்தது.

அப்படிப்பட்ட சொத்தையெல்லாம் என் மனைவி போன தையில் தெருவில் வந்தவனிடம் போட்டு நீலக் கலர் பிளாஸ்டிக் டப் ஒன்று வாங்கிவிட்டாள். மூன்று தலைமுறை மாமன்களுக்கு ஒரு டப். தப்பியது அந்தச் சின்ன மாமா சொம்பு மட்டும்தான்.

அட்டவணைக்கு வருகிறேன். பிள்ளை பெற்ற வீடு. கிராம் விலையைக் கேட்டுவிட்டு அரை கிராம் மோதிரம் வாங்கிப் போனால் குழந்தை கையில் அதைத் தேடவே கண்ணாடி போட வேண்டியிருக்கிறது. எனவே சென்ற மாதம் பவுடர், சோப்பு, எண்ணெய் எல்லாம் அடுக்கிய அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கிப் போனேன். பாட்டி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பால்சுறா கொண்டாரலியா?" என்றாள். பிள்ளைக்குப் பால் ஊற, பெற்றவளுக்குச் சுறாப்புட்டு வேண்டும். கடற்கரையில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். கையில் மீனோடு பஸ் ஏறினால் ராயபுரத்திலிருந்து பொன்னேரி வரை எல்லாரும் என்னையே பார்க்கிறார்களே, அதையும் பாட்டியிடம் சொல்ல முடியுமா?

நாள் குறிப்பதும் எங்களுக்குத் தனிக் கணக்கு. பஞ்சாங்கத்தோடு ஸ்ரீஹரிகோட்டாவையும் பார்க்க வேண்டும். ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பதால் ஊரே வீட்டில் இருக்கும். சித்திரை, வைகாசி இன்னும் விசேஷம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை, காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிற சொந்தமெல்லாம் ஊரில். கையில் காசு இருக்காது. அப்போதுதான் பத்திரிகை கத்தை கத்தையாக வரும்.

மதுரையில் 2021இல் ஒரு கல்யாணப் பத்திரிகையிலேயே மொய்க்கு க்யூஆர் கோடு அச்சிட்டார்கள். அப்போது சிரித்தேன். இப்போது யோசித்தால் அதில் ஊர்ப் பேரே கிடையாது, கோரைக்குப்பம் வர வழியில்லை.

என் கடுப்புக்கு வேறு காரணம் இருக்கிறது. எங்கள் ஏரியில் பாடு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூன்றும் முறை வைத்து வலை போடும். இன்று உனக்கு, நாளை எனக்கு. மொய்யையும் அப்படித்தான் நம்பி முப்பது வருஷம் எழுதினேன். என் முறை வரும் நேரத்தில் என் பையன் சொல்கிறான், "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டுக்கறம்பா. பத்திரிகைல 'அன்பளிப்பு தவிர்க்கவும்'னு போட்டுடு." தவிர்க்கவுமாம்! நான் தவிர்த்தேனா?

சரி, ஆயிரத்தொன்றையாவது மீட்கலாம் என்று நேற்று சாயங்காலம் மொய் நோட்டைத் திருத்தச் சொல்ல அத்தை வீட்டுக்குப் போனேன். "வாப்பா, வெயில்ல வந்துகிற" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பழைய சொம்பு. சுற்றிப் பார்த்தேன். 1984, அப்பா பேர். அதில் ஒரு காலைக் காணோம், ஊர் வேறு பாதிதான் இருந்தது. இத்தனை வருஷமும் அத்தை அதை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, வந்த விஷயத்தைச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஆனால் சொம்பு அப்பா காசு, ஆயிரத்தொன்று என் காசு. நாளைக்கு மறுபடியும் போக வேண்டும்.