உடுவில் இல்லங்களில் தேன் போத்தலின் இருப்பும் நிலையும்: ஒரு முன்னோடி ஆய்வு

ஆய்வேடு என்றால் முதல் அத்தியாயம் ஊர் வரலாறு. எனவே: உடுவிலில் 1824இல் அமெரிக்க மிஷனரிமார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினர். இங்கு பணியாற்றிய மிரன் வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862இல் சென்னையில் அச்சேறியது. இவ்விரண்டுக்கும் தேனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தொடர்பில்லாததை முன்னால் அடுக்கிவிட்டு, தொடர்புள்ளதைப் பின்னிணைப்பில் ஒளித்துவைப்பது நம் கலாநிதிகள் வகுத்த நெறி. அதை மீற இவ்வாய்வாளருக்குத் துணிவில்லை.

தேன் நான்கு வகைப்படும். பெருந்தேனீயின் காட்டுத்தேன், பொந்திலும் பெட்டியிலும் அடுக்கடுக்காய் அடை கட்டும் தேனீயின் தேன், சிறுகிளையில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீயின் தேன், கொடுக்கில்லாச் சிறுதேனீ மெழுகும் பிசினும் குழைத்த குடங்களில் சேர்க்கும் புளிப்புத்தேன். விலங்கியலாரின் இந்தப் பகுப்பு உடுவில் குசினியில் செல்லாது. அங்கே வகை இரண்டுதான்: நாங்கள் வாங்கினது தேன், அயலட்டை வாங்கினது சீனிப்பாணி (மாமி, வேலிக்கு மேலால் வாய்மொழி).

வன்னித்தேன் பெரும்பாலும் சாராயப் போத்தலில் வந்து சாமியறையில் குடியேறும். போத்தலின் பூர்வாசிரமம் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

காட்டுத்தேனில் நீர் கூடுதல். சர்வதேச நியமமான கோடெக்ஸ், பொதுவாகத் தேனில் நீர் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. பெருந்தேனீ அந்த நியமத்தை வாசித்ததில்லை. நீர் கூடிய தேன் நாளடைவில் புளித்து நுரைக்கும். மூடியைத் திறந்தால் ‘டப்’ என்னும். தேன் காற்றின் ஈரத்தையும் இழுக்கும் என்பதால் மூடி இறுக்கமாக இருக்கவேண்டும், கரண்டி ஈரமில்லாமல் இருக்கவேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாவில் தேன் தொட்டுவைக்கவே கூடாது; பொட்டுலிச நஞ்சு உருவாகலாம். இந்த வரியில் மட்டும் பகிடி இல்லை.

இனி எறும்பு. அசல் தேனை எறும்பு தீண்டாது என்பது உடுவில் சிந்தனைப் பள்ளியின் மூலசூத்திரம் (மாமி, மேற்படி, பெரியப்பாவின் உரையுடன்). அதே பள்ளி, அசல் என்று தானே சான்று கொடுத்த போத்தலை, எறும்பு ஏறாதபடி தண்ணீர் விட்ட பீங்கானுக்குள் நிறுத்திவைக்கிறது. முரண்பாட்டைச் சுட்டியபோது மூன்று விடைகள் கிடைத்தன. ஒன்று, எறும்பு தேனுக்கு வருவதில்லை, மூடியில் ஒட்டியதற்கு வருகிறது (மாமி, கிணற்றடி உரை, உடுப்புத் தோய்த்தபடி). இரண்டு, நல்ல எறும்பு வராது, இந்தக் காலத்து எறும்பு வரும் (பெரியப்பா, சாய்மனைக் கதிரைப் பிரசுரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய திருத்திய பதிப்பு, இடையில் குறட்டையால் சில வரிகள் சிதைவு). மூன்று, ‘உமக்கு வேற வேலையில்லையோ?’ (மாமி, மேற்படி, தேத்தண்ணிக்கு முந்திய கையெழுத்துப் பிரதி, இதுவே மூலபாடம் என்பது பதிப்பாசிரியர் துணிபு). எறும்புகளோ பீங்கானில் மிதந்த கறிவேப்பிலையைப் பாலமாக்கி ஏறின. தேன் அசல்தானோ என்று அவை விசாரித்ததாகத் தெரியவில்லை. கரும்புச் சீனி கலந்திருக்கிறதா என்று அறிய ஆய்வுகூடத்தில் காபன் சமதானி விகிதம் அளப்பார்கள். அந்தக் கருவிக்கு எறும்பு ஈடாகாது, ஆனால் எறும்புக்குச் சம்பளம் இல்லை.

அடுத்த பிரச்சினை உறைதல். தேன் கெட்டுவிடும் என்ற அச்சத்தில் போத்தல் குளிர்சாதனப்பெட்டியின் கதவுத் தட்டுக்குப் போகிறது. குளுக்கோசு மிகுந்த தேன் 10 முதல் 15 பாகை செல்சியசில்தான் விரைவாக மணி கட்டும். அலுமாரியின் இருட்டில், அடுப்புக்குத் தள்ளி வைத்திருந்தால் நெடுநாள் இளகியே இருந்திருக்கும். மணி கட்டியதும் தீர்ப்பு வருகிறது: ‘பாத்தியளே, சீனி அடியில நிக்குது.’ விற்ற வன்னிக்காரன் ஆளில்லாத வழக்கில் குற்றவாளியாகிறான்.

இதே அலுமாரியில் கனடாச் சித்தி கொண்டுவந்த தேன் இருக்கிறது. வெள்ளை, கரண்டி நட்டால் நிமிர்ந்து நிற்கும். அங்கே மணிகள் மிக நுண்ணியவையாக வரும்படி வேண்டுமென்றே உறையவைத்து விற்கிறார்கள். அதன்மேல் சந்தேகம் இல்லை. ‘அங்கத்தைத் தேன் எவ்வளவு கெட்டி!’ (மாமி, விருந்தினர் முன்னிலையில் ஆற்றிய பேருரை). வன்னியில் உறைந்தால் சீனி, டொரொன்டோவில் உறைந்தால் தரம். வெளிநாட்டில் அச்சான கட்டுரையை மட்டும் மேற்கோள் காட்டும் பேராசிரியர்களுக்கு இந்த நோக்குமுறை புதிதல்ல.

பரிசோதனையாக, குற்றஞ்சாட்டப்பட்ட போத்தலை கைபொறுக்கும் சுடுதண்ணீரில் நிறுத்தினோம். அடுப்பில் நேரே வைத்தால் மணம் போகும், எச்.எம்.எஃப். என்ற சேர்மமும் கூடும். அது கிலோவுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்னும் கோடெக்ஸ், வெப்பநாட்டுத் தேனுக்கு மட்டும் 80 வரை விட்டுக்கொடுத்திருக்கிறது. பின்னேரத்துக்குள் மணியெல்லாம் கரைந்து, தேன் பழைய செந்நிறத்துக்கு வந்தது. மாமி போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

‘இப்பதான் தேன் மாதிரிக் கிடக்கு,’ என்றார். ‘சுடுதண்ணி சீனியை எடுத்துப்போட்டுது. அந்தத் தண்ணியை ஊத்திப்போடாதையும், தேத்தண்ணிக்கு உதவும்.’