ஆறு வரைந்த எல்லை

கேள்வி: நியூசிலாந்துக்குக் குடிவந்ததிலிருந்து சிட்டி கவுன்சிலுக்கு ஒரு ரேட்ஸ் (சொத்து வரி), வட்டார கவுன்சிலுக்கு ஒரு ரேட்ஸ் என்று கட்டுகிறோம். இரண்டாவது எதற்கு?

பதில்: வாசலில் வைக்கும் குப்பைத் தொட்டி, தெருவிளக்கு, நூலகம் எல்லாம் சிட்டி கவுன்சில். ஆறு, நிலத்தடி நீர், காற்று, கடலோரம், வெள்ளக்கரை, பஸ் எல்லாம் வட்டார கவுன்சில். முதலாவது தூங்கினால் அடுத்த வாரமே தெரு நாறும். இரண்டாவது தூங்கினால் உங்கள் பிள்ளை வளர்ந்து ஆளானபின்தான் தெரியவரும். கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் கட்டுகிற அந்த இரண்டாவது பணம்தான் அதிகம் உழைக்கிறது என்பேன்.

கேள்வி: வட்டார எல்லைகளை வரைந்தது எந்தக் கட்சி?

பதில்: ஆறுகள்! 1989இல் நூற்றுக்கணக்கான சிறு வாரியங்களைக் கலைத்து வட்டார கவுன்சில்களை அமைத்தபோது, பெரும்பாலும் ஆற்று நீர்ப்பிடிப்புப் பகுதிகளைப் பார்த்தே கோடு போட்டார்கள். 425 கி.மீ. நீளமுள்ள வைக்காட்டோ ஆறு ஹாமில்டன் நகரத்தின் நடுவே ஓடுகிறது. கடலை நெருங்கும் இடத்தில் ஆக்லாந்து அதிலிருந்து குடிநீர் எடுக்கிறது. மேலே கலந்தது கீழே இருப்பவரின் தம்ளருக்கு வரும். ஊருக்கொரு காவல்காரர் போட்டு இதைக் காக்க முடியாது.

கேள்வி: ஆக்லாந்தில் ஒரே கவுன்சில்தானே?

பதில்: 2010இல் அங்கே எட்டு கவுன்சில்களை ஒன்றாக்கிவிட்டார்கள். வேலை குறையவில்லை, பெயர்ப்பலகைதான் குறைந்தது.

கேள்வி: பசுமையான மேய்ச்சல் நிலம், கொழுத்த மாடு. இதில் கவுன்சிலுக்கு என்ன கவலை?

பதில்: மாட்டு மூத்திரம். ஒரு மாடு ஓர் இடத்தில் விடும் மூத்திரத்தில் இருக்கும் நைட்ரஜனை அந்தச் சிறு வட்டத்துப் புல்லால் உறிஞ்சி முடிக்க முடியாது. மிச்சம் நைட்ரேட்டாகி மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் சேர்கிறது. அங்கிருந்து ஏரிக்கு வர ஆண்டுகள் ஆகும், சில இடங்களில் பல பத்தாண்டுகள். அதாவது இன்று ஏரியில் தெரியும் பாசி, தாத்தா காலத்து மந்தையின் கணக்காகவும் இருக்கலாம். டாப்போ ஏரியில் வைக்காட்டோ வட்டார கவுன்சில் துணிந்து ஒரு காரியம் செய்தது. ஒவ்வொரு பண்ணையும் இவ்வளவு நைட்ரஜன்தான் கசியவிடலாம் என்று உச்சவரம்பு வைத்தது. மத்திய அரசும் உள்ளூர் கவுன்சில்களும் பொதுநிதி போட்டு, விவசாயிகளிடமிருந்து அந்த உரிமையில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கின. ஐந்தில் ஒரு பங்கைக் குறைப்பது இலக்கு, அதை எட்டினார்கள். விவசாயியை எதிரியாக்காமல் ஏரியைக் காத்த வழி இது. மற்ற பல வட்டாரங்கள் தயங்குவது எனக்கு வருத்தமே.

கேள்வி: 2016இல் ஹேவ்லாக் நார்த்தில் குழாய்த் தண்ணீர் குடித்து ஊரே படுத்ததே, குற்றவாளி யார்?

பதில்: கனமழையில் ஆட்டுப் புழுக்கை கரைந்து, குளோரின் கலக்காத கிணற்றுக்குள் போய்விட்டது. 5,000 பேருக்கு மேல் வயிற்றுப்போக்கு, நான்கு மரணங்களை அதோடு தொடர்புபடுத்தினார்கள். விசாரணைக் குழு தண்ணீர் கொடுத்த மாவட்ட கவுன்சிலையும் நீரடுக்கைக் காக்க வேண்டிய வட்டார கவுன்சிலையும் சேர்த்தே குறை சொன்னது. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத இரண்டு அலுவலகங்களுக்கு நடுவேதான் கிருமி நுழைந்தது.

கேள்வி: பஸ் எப்படி வட்டார கவுன்சில் கைக்கு வந்தது?

பதில்: பஸ்ஸும் ஊர் எல்லையில் நிற்பதில்லையே. வழித்தடம், கட்டணம், நேரம் கவுன்சில் முடிவு, ஓட்டுவது ஒப்பந்த நிறுவனங்கள். பஸ் வரவில்லையென்றால் ஓட்டுநரைத் திட்டாதீர்கள், கவுன்சிலருக்கு எழுதுங்கள்.

கேள்வி: அழகான போஸமைக் கொல்ல வட்டார கவுன்சில்காரர்கள் பொறி வைக்கிறார்களே, பாவமில்லையா?

பதில்: ரோமத்துக்காக 1837இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த பிராணி. மரத்தின் தளிரையும் பறவையின் முட்டையையும் தின்கிறது, மாடுகளுக்குக் காசநோயைப் பரப்புகிறது. கொண்டுவந்தவர்கள் செய்த பாவத்தைப் பறவைகள் சுமக்க வேண்டுமா? பொறி வைக்கட்டும்.

கேள்வி: வட்டார கவுன்சில் தேர்தலில் யாருக்கென்றே தெரியாமல் ஓட்டுப் போடுகிறோம். இந்தத் தேர்தல் அவசியமா?

பதில்: கேன்டர்பரிக்காரர்களைக் கேளுங்கள். தண்ணீர் நிர்வாகம் சரியில்லை என்று 2010இல் அரசு அவர்களுடைய கவுன்சிலர்களை நீக்கி ஆணையர்களை உட்கார வைத்தது. எல்லா இடங்களுக்கும் மீண்டும் தேர்தல் நடக்க 2019 ஆகிவிட்டது. 2025 நவம்பரில், வட்டார கவுன்சிலர்களே வேண்டாம், மேயர்கள் சேர்ந்த குழு பார்த்துக்கொள்ளட்டும் என்று அரசு யோசனை சொன்னது. செலவு குறையலாம். ஆனால் மேயர் தன் ஊர் ஓட்டில் ஜெயிப்பவர். மேலூரின் சாக்கடையும் கீழூரின் குடிநீரும் மோதும்போது ஆற்றின் பக்கம் பேச ஓர் ஆள் வேண்டும். பெயர் தெரியாத அந்த வேட்பாளரிடம், ஆற்றுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு ஓட்டுப் போடுங்கள்.

கேள்வி: சனிக்கிழமை கார் கழுவும் என்னால் ஆற்றுக்கு என்ன செய்ய முடியும்?

பதில்: ரோட்டில் கழுவாமல் புல்வெளியில் நிறுத்திக் கழுவலாம். ரோட்டோர மழைநீர்த் துவாரம் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேராக ஓடைக்குப் போகிறது. ஓடையில் நுரையோ எண்ணெயோ கண்டால் இரவானாலும் கவுன்சிலின் மாசு புகார் எண்ணுக்குப் போன் போடுங்கள். விடிந்தபின் மாதிரி எடுக்கப் போனால், மாசு கடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.